தொட்டியில் வாடிய பவளம்: ஒரு பழுதுநீக்கப் பாடம்

பவளம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது நகைப்பெட்டி. நவரத்தினங்களில் ஒன்று, செக்கச் செவேலென்று கழுத்தில் தொங்கும் மாலை. அந்தச் செம்பவளம் மத்தியதரைக் கடலில் இருந்து வருவது. அது வேறு இனம். நான் எழுதப்போவது சிங்கப்பூரில் ஒரு அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், கண்ணாடித் தொட்டிக்குள், உயிரோடு வளரும் பவளத்தைப் பற்றி. ஒரு நாள் அது வாடத் தொடங்கியது. நான் வைத்தியம் பார்க்கிறேன் பேர்வழி என்று இறங்கி, அதைச் சாகடிக்கப் பார்த்தேன். அந்தக் கதையையும் அதிலிருந்து கற்ற பாடத்தையும் நம் ஆண்டு மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வீட்டில் மீன் தொட்டி இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். பட்டறையில் ஓட மறுக்கும் மோட்டாருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

பவளம் என்பது என்ன?

பார்த்தால் செடி, தொட்டால் கல், உண்மையில் விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள். கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தனக்கு அடியில் சுண்ணாம்புக் கல்லைக் கட்டிக்கொள்ளும்.

இதைவிட வியப்பான சங்கதி ஒன்று உண்டு. பாலிப்பின் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. சூசாந்தெல்லே என்று அதற்குப் பெயர். அது வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து, பெரும்பகுதியை வீட்டுக்காரரான பவளத்துக்கே கொடுத்துவிடும். பவளத்தின் சக்தித் தேவையில் 90 விழுக்காடு வரை இப்படிக் கிடைக்கக்கூடும். பதிலுக்குப் பவளம் பாசிக்கு இருப்பிடமும் தன் கழிவிலிருந்து உரமும் தருகிறது. வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் போல.

வெப்பமோ வெளிச்சமோ அளவு மீறினால் இந்த உறவு முறிகிறது. பாசி நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் பொருள்களை உண்டாக்குகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறிய பவளம் உடனே செத்துவிடுவதில்லை. அது பட்டினி கிடக்கிறது. நிலைமை சீரானால் பிழைக்கும்.

கடலில் இருக்கவேண்டியதை வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்று காட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்து நாட்டுக்காரர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-ல் தம் முறையை ஒரு மீன் வளர்ப்பு மாத இதழில் எழுதினார். உயிருள்ள பாறை, கடல்நீர், காற்றுக்குமிழி, வெளிச்சம். அவ்வளவுதான். இன்று எல்.இ.டி. விளக்கு, சில்லர், பம்ப் என்று சாமான்கள் பெருகிவிட்டன. தத்துவம் அதேதான்.

அண்ணன் ஒப்படைத்த தொட்டி

எங்கள் வீட்டுத் தொட்டி இரண்டடி நீளம். கல், மணல் போக சுமார் 100 லிட்டர் நீர். அது என் அண்ணனுடையது. பகுதிநேர வேலையில் கிடைத்த முதல் சம்பளத்தில் அவன் ஒரு டார்ச் பவளம் வாங்கினான். அப்போது அதற்கு ஒரே ஒரு தலை. இரண்டரை வருடத்தில் ஐந்து தலையாகப் பெருகியிருந்தது. தண்ணீரோட்டத்தில் அது அசைவதைப் பார்த்தால் நெல் வயலில் காற்று வீசுவது போல இருக்கும் என்று எங்கள் பாட்டி சொல்வார். அதைத் தவிர ஹேமர் ஒன்று, மான்ட்டிப்போரா ஒன்று, சோவாந்தஸ் கூட்டம், காளான் பவளங்கள் சில.

அண்ணன் தேசிய சேவைக்குப் போனபோது பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு வர முடியாது. கிளம்பும்போது அவன் சொன்னது இதுதான்:

"தம்பி, சில்லரைத் தொடாதே. லைட் தானா எரியும், தானா அணையும். தினமும் தண்ணி எவ்வளவு குறைஞ்சிருக்கோ அவ்வளவு ஊத்து. வேற ஒண்ணும் செய்யாதே."

"இதென்ன பெரிய விஷயம், நான் பாத்துக்கிறேன் அண்ணே."

சமையலறையில் இரண்டு கேன்கள் இருந்தன. நீலக் கேனில் கொஞ்சம் தண்ணீர்தான் அடியில் கிடந்தது. வெள்ளைக் கேன் நிறைய உப்பு கலந்த நீர். கடல் தொட்டிக்குக் கடல்நீர் ஊற்றுவதுதானே நியாயம்! தினமும் ஒரு லிட்டர் அளந்து, ஒரு நாள்கூடத் தவறாமல் வெள்ளைக் கேனிலிருந்து ஊற்றினேன்.

எட்டாம் நாள் காலை டார்ச் விரியவில்லை. கொம்புகள் பாதி உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கிக் கிடந்தன. ஹேமரும் அப்படியே. சோவாந்தஸ் எல்லாம் மொட்டு மாதிரி மூடியிருந்தன.

நான் செய்த தவறுகள்

அன்றிலிருந்து நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள்.

1. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து விளக்கை 50 விழுக்காட்டிலிருந்து 80-க்கு ஏற்றினேன்.

2. கடைக்குப் போய், "பவளம் டல்லா இருக்கு" என்றேன். ஒரு டானிக் பாட்டில் கொடுத்தார்கள். மூடியில் அளந்து ஊற்றச் சொன்னார்கள். நான் இரண்டு மூடி ஊற்றினேன்.

3. அண்ணனின் டப்பாவில் காரத்தன்மையை ஏற்றும் பொடி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் கரைத்துவிட்டேன்.

4. டார்ச்சை மூன்று தடவை இடம் மாற்றினேன்.

இத்தனைக்கும் நான் அளந்து பார்க்காமல் இல்லை. அண்ணனின் பழைய அடர்த்தி மானியில் உப்பைப் பார்த்தேன். முள் 1.025 காட்டியது. சரியான அளவு! ஆகவே உப்பில் கோளாறு இல்லை என்று அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் மான்ட்டிப்போராவின் அடியில் திசு உரியத் தொடங்கியது. மறுநாள் மாலைக்குள் முழுக்க வெள்ளை. டார்ச்சில் இரண்டு தலை கரைந்துபோயின. இரவு அண்ணன் போனில் கேட்டான், "தொட்டி எப்படிடா இருக்கு?" "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அந்தப் பொய் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே விடை கிடைத்திருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த விடை

பதின்மூன்றாம் நாள் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். ஆய்வுக்கூடத்தில் மின்கடத்துதிறன் மானி இருக்கிறது. விரிவுரையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாட்டிலைப் பார்க்கக்கூட இல்லை. முதலில் மானியின் முனையை அளவு தெரிந்த ஒரு கரைசலில் வைத்து, காட்டவேண்டிய எண்ணைக் காட்டுகிறதா என்று சரிபார்த்தார். பிறகுதான் என் தண்ணீர்.

சாதாரணக் கடல்நீர் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 53 மில்லிசீமன்ஸ் காட்டும். என் தண்ணீர் 58-ஐத் தாண்டியது. அதாவது ஒரு கிலோ நீரில் 35 கிராம் இருக்கவேண்டிய உப்பு 39 கிராமுக்கு மேல் போயிருந்தது.

"உன் வீட்டு மானி 1.025 காட்டியது என்கிறாயே, அதை யார் அளந்தார்கள்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். மானியின் முள்ளில் உப்பும் சுண்ணாம்பும் பூத்துப் படிந்திருந்தன. முள் கனத்துப்போனால் கீழே தணிந்து குறைவாகத்தான் காட்டும். குற்றவாளிக்குப் பொய்ச்சாட்சி சொன்னது என் கருவி.

அன்று இரவு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எந்தக் கேன்லேர்ந்து ஊத்தின?"

"வெள்ளை."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எத்தனை தலை மிச்சம்?" என்றான். "மூணு" என்றேன்.

கணக்கைப் பாருங்கள்

தொட்டியில் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு ஒரு துளிகூட ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல நீரைத்தான் ஊற்றவேண்டும். இது பள்ளிக்கூடத்தில் உப்பளம் பற்றிப் படித்தபோதே தெரிந்த விஷயம். தெரிந்தது வேறு, கை செய்தது வேறு.

100 லிட்டரில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் மொத்தம் 3,500 கிராம் உப்பு. நான் தினம் ஒரு லிட்டர் உப்புநீர் ஊற்றியதால் நாளுக்கு 35 கிராம் கூடியது. பன்னிரண்டு நாளில் 420 கிராம். மொத்தம் 3,920 கிராம், லிட்டருக்கு 39.2. ஆய்வுக்கூட மானி காட்டியதும் கிட்டத்தட்ட இதுவே. கணக்கும் மானியும் ஒத்துப்போனால்தான் பழுது பிடிபட்டது என்று சொல்லலாம்.

இறக்குவதற்கும் கணக்கு உண்டு. ஒரே நாளில் 35-க்குக் கொண்டுவந்தால் பவளத்தின் உயிரணுக்களுக்குள் நீர் பாய்ந்து இன்னொரு அதிர்ச்சி. நாளுக்கு ஒரு கிராம் வீதம் இறக்கினால் தாங்கும். 39.2-ஐ 38.2 ஆக்க, 2.6 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு அதே அளவு சுத்த நீர் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அடுத்த நாள்களிலும் ஏறத்தாழ அதே அளவு. நான்கு நாளில் 35.2-க்கு வந்தது. ஆவியாகும் நீருக்கு நீலக் கேன், அதாவது ஆர்.ஓ. நீர், தனி.

விளக்கைப் பழைய நிலைக்கும் கீழே 40-க்கு இறக்கினேன். டானிக் பாட்டிலைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பொடியால் 12-க்கு ஏறியிருந்த காரத்தன்மையைத் தானாக இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். டார்ச்சைத் தொடவே இல்லை. எதுவும் செய்யாமல் உட்கார்ந்து பார்ப்பதுதான் அதில் மிகக் கஷ்டமான வேலை.

பார்க்கவேண்டிய வரிசை

இனி பொதுவான பாடம். ஒரு பல்பு எரியாவிட்டால் பல்பைப் பார். வீடு முழுக்க இருட்டானால் மெயின் சுவிட்சைப் பார். பவளத்துக்கும் இதே விதி. ஒன்று மட்டும் வாடினால் இடம், நீரோட்டம், பக்கத்து வீட்டுச் சண்டை, பூச்சி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். எல்லாம் ஒரே நாளில் வாடினால் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். என் தொட்டியில் எல்லாமே ஒரே காலையில் மூடிக்கொண்டன. அந்தச் செய்தியை நான் படிக்கவில்லை.

1. கருவி: முதலில் அளக்கும் கருவியை அள. ரிஃப்ராக்டோமீட்டர் என்றால் 35 என்று குறித்த திரவத்தில் சரிபார்க்கவும். சோதனைத் திரவங்களின் காலாவதித் தேதியைப் பார்க்கவும்.

2. வெப்பம்: 25 முதல் 27 டிகிரி நல்லது. நம் ஊரில் பிற்பகலில் அறையே 31, 32 டிகிரிக்குப் போய்விடும். சில்லரின் வலையில் தூசி அடைத்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும், குளிர்விக்காது. இரண்டாவது வெப்பமானி ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம்.

3. உப்பு: 35. மேலே சொன்னதே போதும்.

4. கழிவு: அம்மோனியா பூஜ்யமாக இருக்கவேண்டும். செத்த மீன் ஒன்று கல்லுக்குப் பின்னால் கிடந்தாலும் ஏறிவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகமானால் பவளம் பழுப்பாகும். அடியோடு இல்லாமல் போனாலும் வெளுக்கும். உள்ளே குடியிருக்கும் பாசிக்கும் சாப்பாடு வேண்டுமல்லவா?

5. காரத்தன்மை: 7 முதல் 11 டிகேஎச் வரை. எந்த எண் என்பதைவிட நிலையாக இருப்பது முக்கியம். நாளுக்கு ஒன்றுக்கு மேல் மாற்றக்கூடாது. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1,300 அளவில். பிஎச் 8 முதல் 8.4. ஏர்கான் போட்டுக் கதவைச் சாத்திய அறையில் நாம் விடும் மூச்சிலேயே கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கும். ஜன்னலைத் திறந்தால் காசில்லாத வைத்தியம்.

6. ஒளி: வெளிறிய பவளத்துக்கு வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும். கூட்டுவதாக இருந்தால் வாரக்கணக்கில், சிறிது சிறிதாக.

7. நீரோட்டம்: டார்ச், ஹேமர் போன்றவை மெதுவாக அசையவேண்டும். ஒரே பக்கமாகப் படுத்துக்கிடந்தால் பம்ப் அதன் முகத்தில் அடிக்கிறது என்று பொருள்.

8. அண்டை வீடு: டார்ச் இரவில் நீண்ட கொம்புகளை வீசிப் பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். ஒரு சாண் இடைவெளி விடவும். தட்டைப்புழு, கடல் நத்தை போன்ற தொல்லைகள் பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும். சிவப்பு டார்ச்லைட்டில் பார்க்கவும்.

இந்த வரிசையில் பழுது தெரிந்ததும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். மாற்றிவிட்டுச் சில நாள் காத்திருக்கவேண்டும். நாலையும் ஒரே நாளில் மாற்றினால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று பிரம்மனுக்கும் தெரியாது. தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அவசரப்படவேண்டிய இடமும் உண்டு. சில்லர் நின்று சூடு ஏறினால், அம்மோனியா தெரிந்தால், அல்லது டார்ச்சில் பழுப்பு நிறக் கூழ் போல வழிந்தால் காத்திருக்கக்கூடாது. கூழ் பிடித்த தலையை உடனே பிரித்தெடுக்காவிட்டால் பக்கத்துத் தலைக்கும் பரவும்.

சில எச்சரிக்கைகள்

நம் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்காகக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. ஒரு வாளியில் ஒருநாள் வைத்திருந்தால் போய்விடும் என்று நம்பவேண்டாம். கரி வடிகட்டியும் ஆர்.ஓ.வும் தேவை.

சோவாந்தஸ், பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக்கூடாது. பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவி வீட்டில் உள்ள எல்லாரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

மின்கம்பி தொட்டியிலிருந்து பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது. மின்துறை மாணவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

கல் பவளங்கள் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியாவில் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நண்பர்கள் கடற்கரையில் ஒரு துண்டு அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொள்ளவேண்டாம். வளர்க்க ஆசைப்படுபவர்கள், கடலில் உடைத்து எடுத்ததை விட்டுவிட்டு, தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

முடிவாக

மூன்றாவது சனிக்கிழமை அண்ணன் மொட்டைத்தலையோடு வீட்டுக்கு வந்தான். பையைக்கூட இறக்கவில்லை, நேரே தொட்டிக்குப் போய்க் குனிந்தான். மூன்று தலைகளும் முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி விரிந்திருந்தன. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தான். "இதை முதல் நாளே எழுத ஆரம்பிச்சிருக்கலாம்ல" என்றான். அடுத்த வாரத் தண்ணீர் மாற்றும் வேலையை என்னிடமே விட்டுப் போனான். நான் எதிர்பார்த்த திட்டைவிட அது பெரியதாக இருந்தது.

வெள்ளைக் கேனில் இப்போது கொட்டை எழுத்தில் "உப்பு" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். டார்ச்சுக்கு நான்காவது தலை அரும்பியிருக்கிறது. செத்த மான்ட்டிப்போராவின் வெள்ளைக் கல் என் படிப்பு மேசை மேல் இருக்கிறது.

நம் தீவைச் சுற்றியுள்ள கடலிலும் பவளப்பாறைகள் உண்டு. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி அவை வெளிறின. தொட்டிக்குச் சில்லர் மாட்டலாம். கடலுக்கு மாட்ட முடியாது. தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளங்களை நடும் திட்டத்தை 2024-ல் தொடங்கியிருக்கிறது. பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும் வேலை, தொண்டூழியர்களும் சேரலாம். பொறுமையாக அளக்கவும் எழுதி வைக்கவும் தெரிந்த மாணவர்கள் அங்கே தேவைப்படுவார்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறி நான் இழந்தது இரண்டு தலையும் ஒரு மான்ட்டிப்போராவும். நண்பர்களே, உங்கள் தொட்டியிலோ பட்டறையிலோ ஏதாவது வாடினால், கையை வைப்பதற்கு முன் கருவியைச் சரிபாருங்கள்.